சோதிக்கும்போது மட்டும் சரியாக இருந்த கால்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் தோளில் கண்ணாடி இழை தொங்குகிறது. எங்கள் தோளில் செம்புக் கம்பி தொங்கியது. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. புகார் கொடுப்பவர் அதே ஆள். “நாங்க பார்த்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு” என்று சொல்லி நழுவுகிற நாமும் அதே ஆள்தான்.

எங்கள் காலத்தில் அதற்கு ‘டெஸ்டிங் ஓகே’ என்று பெயர். போன் சரியில்லை என்று ஒருவர் புகார் சொன்னால், எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அந்த லைனைச் சோதிப்பார். மீட்டர் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் முடிந்தது, புகார் மூடப்படும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தாம்பரம் பக்கத்தில் லைன்மேனாக இருந்தவன் நான். அந்த இரண்டு சொல்லால் எத்தனை பேர் வாயை அடைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிறகு என் சொந்தக் கால்களின் புகாரையே அதே இரண்டு சொல்லால் மூடினார்கள். ஆபீஸ் கதை கேட்க வந்தால் கால் கதை சொல்கிறாரே கிழவர் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே கதைதான் என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் அது ஆரம்பித்தது. முதலில் இரண்டு கட்டைவிரல்களிலும் ஒரு குறுகுறுப்பு. ஷூ கடிக்கிறது என்று நினைத்து ஷூவை மாற்றினேன். கொஞ்ச நாளில், ஷூவைக் கழற்றிய பிறகும் காலுறை போட்டிருப்பது போலவே இருந்தது. குனிந்து பார்த்தால் வெறுங்கால். அதற்கப்புறம் எரிச்சல் வந்தது. சித்திரை வெயிலில் ஜி.எஸ்.டி. ரோட்டுத் தாரில் செருப்பில்லாமல் நிற்கிற எரிச்சல், அதுவும் வீட்டில் ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கும்போது. போர்வை நுனி பட்டால்கூடக் காலை இழுத்துக்கொள்வேன். நடுநடுவே சுள்ளென்று ஒரு வெட்டு. கம்பத்தில் ஏறி லைன் கம்பியைப் பிடித்திருக்கும் நேரத்தில் யாராவது அந்த நம்பருக்கு போன் போட்டால், மணியடிக்கிற மின்சாரம் விரலில் ஓர் உதை விடும். பழைய ஆட்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அதே உதை. ஆனால் கட்டிலில் படுத்திருக்கிறவன் காலுக்கு யார் போன் போடுகிறார்கள்?

வலி ஒரு பக்கம் இருக்க, எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பழுது தேடிப் பிழைக்கிறவனால் ஒரு பழுதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, புண் இல்லை. நடந்தால் குறைகிறது, உட்கார்ந்தால் கூடுகிறது. உழைத்தால் வலிக்காமல் ஓய்ந்தால் வலிக்கிற காலை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஈரத்துணி சுற்றினேன், விளக்கெண்ணெய் தடவினேன், ஒரு காலுக்கு ஒன்றும் மறுகாலுக்கு வேறொன்றும் செய்து எது குறைகிறது என்று ஒப்பிட்டேன். என் மனைவி சரோஜா, “அது என்ன காலா, ரேடியோவா? எப்பப் பாரு திருகிக்கிட்டே இருக்கீங்க” என்பாள்.

ஆபீசில் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அந்த நாளில் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் ரயில் பாதையோரச் சுவரெல்லாம் நரம்புத் தளர்ச்சிக்கு லாட்ஜில் வைத்தியம் பார்க்கிறவர்களின் விளம்பரம் எழுதியிருக்கும். அது எந்தத் தளர்ச்சி என்று உங்களுக்கும் தெரியும். நான் ‘நரம்பு’ என்று வாயைத் திறந்ததும், பல்லாவரம் சுவரில் ஒரு வைத்தியர் இருக்கிறார், குரோம்பேட்டைச் சுவரில் அவரைவிடக் கெட்டிக்காரர் இருக்கிறார் என்று ஆளாளுக்கு வழி சொன்னார்கள். என்னோடு வேலை செய்த ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. “பேஜார் பண்றானுங்கோண்ணா, கண்டுக்காத. நல்ல டாக்டராண்ட போய்க் காட்டு” என்றான்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். அதிகம் பேசமாட்டார், நிறையக் கேட்பார். பஞ்சாலும் ஊசி முனையாலும் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சத்துக் குறைவு, குடிப்பழக்கம், முதுகெலும்பு, சர்க்கரை என்று பல காரணங்கள் இருக்கலாம் என்றார். முதலில் சர்க்கரையைப் பார்த்துவிடலாம் என்று, வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனையும் சாப்பிட்ட பின் ஒன்றும் எழுதிக் கொடுத்தார்.

வந்தது பாருங்கள் எங்கள் வீட்டுக்குப் பரீட்சைக் காலம். சர்க்கரை என்று பெயர் வந்துவிட்டால் கல்யாணப் பந்தியில் பாயசம் நம்மைத் தாண்டிப் போய்விடும், பார்க்கிறவர்கள் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். சரோஜாவுக்கு அந்தப் பயம். எனக்கும்தான். டெஸ்டுக்கு நாலு நாள் முன்பே வீட்டில் சோறு நின்றது. கேழ்வரகுக் கஞ்சி, காலையில் பாகற்காய்ச் சாறு, ஊறவைத்த வெந்தயம், செம்பாக்கம் ஏரிக்கரை வரை வேக நடை. காபி கசாயமாக வந்தது. டெஸ்ட் அன்று சாப்பிட்ட பின் எடுக்கிற ரத்தத்துக்காக, டிபன் பாக்சில் இரண்டு இட்லியைச் சட்னி இல்லாமல் கொண்டுபோய், ரத்தம் எடுக்கிற இடத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து தின்றுவிட்டு, அந்தத் தெருவையே பலமுறை சுற்றினேன். ரிசல்ட் வந்தது. நார்மல். “பாஸாயிட்டீங்க” என்று சரோஜா அன்று சாயங்காலம் கேசரி கிண்டினாள்.

இதில் ஒரு தப்பும் எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் எல்லாருமே அப்படித்தான் ரத்தம் கொடுக்கப் போனார்கள்.

டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். எரிச்சல் குறையவில்லை. சில மாதம் கழித்து மறுபடி அதே டெஸ்ட், மறுபடி அதே கஞ்சி, மறுபடி பாஸ், மறுபடி கேசரி. “சர்க்கரை இல்லை. எதனால எரியுதுன்னு எனக்குத் தெரியலைங்க” என்றார் டாக்டர். தெரியவில்லை என்று சொல்கிற டாக்டர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது. ஆனாலும் வெளியே வந்து சைக்கிளைத் தள்ளும்போது, இந்த வாக்கியத்தை நாம் எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருக்கிறோம் என்று தோன்றியது.

அந்த நேரத்தில் நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த வாசல்களில் ஒன்று, செம்பாக்கத்தில் பிலோமினா டீச்சர் வீடு. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் பக்கவாதம் வந்து உள்ளறையில் படுக்கையாகக் கிடந்தார். ஒரே மகன் மஸ்கட்டில் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் மகன் போன் செய்வான். அவன் பேச ஆரம்பித்ததும் லைனில் கரகரவென்று சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் அறுந்துபோகும். சனிக்கிழமை டீச்சர் புகார் கொடுப்பார். எக்ஸ்சேஞ்சில் சோதித்தால் ஓகே. நான் நேரில் போய் அவர் போனிலிருந்தே பேசிப் பார்த்தால் கோயில் மணிபோல் கேட்கும். கம்பத்திலிருந்து வீடுவரை கம்பியை மாற்றினேன். போன் பெட்டியை மாற்றினேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி புகார். ஒருநாள் பொறுக்க முடியாமல், “கோளாறு உங்க பையன் பக்கம்தான் டீச்சர்” என்றேன். “இருக்கலாம் தம்பி” என்று காபி கொடுத்தார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. சானடோரியம் பக்கம் பெரிய கேபிளில் தண்ணீர் இறங்கி ஏகப்பட்ட போன்கள் செத்துவிட்டன. அந்த மாதிரி சமயத்தில் லைன்மேன், கேபிள்காரர் என்று பேதம் கிடையாது, எல்லாரும் குழியில் இறங்க வேண்டியதுதான். அந்தக் கேபிளுக்குள் ஒவ்வொரு கம்பிக்கும் காகிதம்தான் சுற்றியிருக்கும். ஈரத்தை விரட்டக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிய மெழுகை இணைப்பின்மேல் ஊற்றுவோம். ஷூ நனைந்து ஊறிப்போனதால் கழற்றி மேலே வைத்துவிட்டு, குழிக்குள் செங்கல் திட்டில் வெறுங்காலோடு நின்று நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற ஏழுமலை என் கையைப் பிடித்தான்.

“ண்ணா, கால்ல மெழுகு கொட்டிக்கீது. உனுக்குத் தெரில?”

குனிந்து பார்த்தேன். இடது கால் விரல்கள்மேல் மெழுகு வழிந்து வெள்ளையாக உறைந்துகொண்டிருந்தது. துடைத்தேன், மெழுகோடு தோலும் வந்தது. வலி இல்லை. கொஞ்சம்கூட இல்லை. வீட்டில் நெருப்பே இல்லாமல் எரிகிற கால், நெருப்பாகக் கொதித்தது மேலே விழுந்தபோது வாயைத் திறக்கவில்லை. அதுவரை எனக்கிருந்த ஆச்சரியமெல்லாம் போய் முதன்முதலாகப் பயம் வந்தது. மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஏழுமலை என்னை மேலே ஏற்றிவிட்டான்.

புண் ஆறவில்லை. டாக்டர் கட்டுப் போட்டார், பிரித்தார், மறுபடி போட்டார். இரண்டாவது விரலின் நுனி கறுக்க ஆரம்பித்தது. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். கம்பத்தில் ஏறுகிறவனுக்குக் கால்விரல்தான் இன்னொரு கை. விரல் போனால் கம்பம் போயிற்று, ஆபீசில் ஒரு மூலை நாற்காலிதான் கதி. சர்க்கரை இல்லாதவருக்கு இந்தப் புண் ஏன் ஆறவில்லை என்று தனக்குப் புரியவில்லை, திங்கட்கிழமை இன்னொரு முறை ரத்தம் கொடுங்கள் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து சொன்னதும் சரோஜா கேழ்வரகை எடுத்து வெளியே வைத்தாள்.

லீவில் வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை, என்னைப் பார்க்க வந்த ஏழுமலை, டீச்சர் வீட்டுப் புகார் மறுபடி வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். என் விரல்தான் பிடிபடவில்லை, அந்த லைனையாவது பிடிக்கலாம் என்று ஒரு வீம்பு. சாயங்காலம் வேட்டியும் கட்டுப் போட்ட காலுமாக ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிச் செம்பாக்கம் போனேன். காக்கிச் சட்டை இல்லை, ஏணி இல்லை, பை இல்லை. தெருவில் யாரும் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் டீச்சர் எனக்கு முதுகைக் காட்டி நின்று, எங்கள் கறுப்பு போனில் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளறைக் கட்டிலில் அவர் கணவர். அவர் காதோரம் தலையணையில் சாய்த்து வைத்த இன்னொரு போன், சிவப்பு நிறம், பட்டன் வைத்தது. மகன் அங்கிருந்து வாங்கி வந்தது. அவருக்குப் பேச்சு வராது. மகன் சொல்வதற்கெல்லாம் “ம்... ம்...” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார், கண்ணோரத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் போனுக்கான ஒயர் ஜன்னல் சட்டத்தின் மேலாக ஓடியது. சட்டம் மழையில் நனைந்து கிடந்தது. ஒயரில் இரண்டு இடத்தில் ஒட்டு, அதன்மேல் புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரி.

இத்தனை மாதம் நான் தேடிய கரகரப்பு அங்கே நனைந்துகொண்டு தொங்கியது.

பேசி முடித்துத் திரும்பிய டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. அனுமதி இல்லாமல் இன்னொரு போன் வைப்பது அப்போது குற்றம், இணைப்பையே துண்டித்துவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். நான் ஏணியோடு கம்பத்தடிக்கு வந்ததுமே பக்கத்து வீட்டிலிருந்து குரல் வருமாம். உடனே இவர் சிவப்புப் போனை ஒயரோடு கழற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிடுவாராம். எக்ஸ்சேஞ்சில் சோதிக்கிற காலை வேளையிலும் அது டிரம்மில்தான் இருக்கும், மகன் பேசும்போது மட்டும் வெளியே வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், போனை அரிசியில் மறைத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. “இருக்கறத ஒளிச்சு வெச்சுட்டு டெஸ்ட் பண்ணச் சொன்னா எப்படி டீச்சர் கண்டுபிடிக்கறது? நல்லா இருந்த கம்பியை எல்லாம் மாத்தியிருக்கேன் நான்.”

“பயம் தம்பி,” என்றார் டீச்சர். “ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்க சொல்லிட்டுப் போனா அன்னிக்கு ஒரு நிம்மதியா இருக்கும்.”

சொல்லிவிட்டுக் காபி போட எழுந்தார். நான், “சர்க்கரை போடாதீங்க. திங்கக்கிழமை டெஸ்ட் இருக்கு, ரெண்டு நாளாவே எல்லாத்தையும் நிறுத்தி...” என்று ஆரம்பித்தேன். வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் அந்த அரிசி டிரம் மூடியோடு உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். டீச்சர் என் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

அந்த நனைந்த ஒயரை அன்றைக்கே பிடுங்கிப் போட்டேன். மறுநாள் ஏழுமலை வந்து சுவரின் உட்பக்கமாகப் புது ஒயர் இழுத்துக் கொடுத்தான். முறைப்படி இரண்டாவது போனுக்கு விண்ணப்பம் போடச் சொன்னேன், அது வரும்வரை நான் எதையும் பார்க்கவில்லை. சட்டப்படி இது தப்பு. உங்களுக்கு வழிகாட்டியாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் சரோஜாவிடம், நாளைக்கு மத்தியானம் சோறு வடி, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், எப்போதும்போல வை என்றேன். பரீட்சை திங்கட்கிழமைதானே, இப்போது போய்ச் சோறு கேட்கிறீர்களே என்றாள் அவள். “இத்தனை நாள் போனை அரிசிக்குள்ள வெச்சுட்டோம்மா” என்றேன். அவளுக்கு அது புரியவில்லை, ஆனாலும் கேழ்வரகை எடுத்து உள்ளே வைத்தாள். திங்கட்கிழமைவரை காத்திராமல், மறுநாளே வயிறார மோர் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, தெருவைச் சுற்றாமல் நேரே போய் ரத்தம் கொடுத்தேன்.

டாக்டர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சர்க்கரை எகிறியிருந்தது. நான் கஞ்சியையும் பாகற்காயையும் இரண்டு இட்லியையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

“முன்னாடி ரெண்டு தடவையும் இப்படித்தானா?”

“ஆமாம்மா.”

“நான் உங்க காலுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டிருந்தேன்,” என்றார். “நீங்க யாரோட ரத்தத்தையோ கொண்டுவந்து குடுத்திருக்கீங்க.”

அவர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

சர்க்கரைக்கு ஊசி மருந்து ஆரம்பமாயிற்று. புண் மெதுவாக, மிக மெதுவாக மூடியது. விரல் தப்பியது. நகம் மட்டும் கோணலாக வளர்ந்தது, இன்றைக்கும் அப்படித்தான். அடுத்த கோடையில் மறுபடி கம்பம் ஏறினேன். டீச்சர் வீட்டிலிருந்து சனிக்கிழமைப் புகார் அதற்கப்புறம் வரவே இல்லை.

புண் ஆறிக்கொண்டிருந்த நாட்களில் நான் டாக்டரைக் கேள்வி கேட்டே கொன்றேன். அப்படியானால் எரிச்சலுக்குச் சர்க்கரைதான் காரணமா என்றேன். “சர்க்கரை இருக்கு, நரம்பும் கெட்டிருக்கு. அதனால இதுன்னு சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கு. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார். ஏன் கை இல்லாமல் கால் என்றேன். பாதத்துக்குப் போகிற நரம்புதான் உடம்பிலேயே நீளம், நீளமானதுதான் முதலில் அடிபடும் என்றார். இது எனக்குத் தெரிந்த சமாச்சாரம். மழை வந்தால் மாடம்பாக்கத்துக் கடைசி வீட்டு லைன்தான் எங்களுக்கு முதலில் போகும். சரி, வெறுமனே எரிகிற கால் சுட்டபோது ஏன் சும்மா இருந்தது என்றேன். கெட்டுப்போன நரம்பு இல்லாததைச் சொல்லும், இருப்பதைச் சொல்லாது என்றார். பாதி அறுந்த கம்பியும் அப்படித்தான். யாரும் பேசாதபோது கரகரக்கும், பேசும்போது குரலை விட்டுவிடும்.

எனவே நான் உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். ஒருவர் கோளாறு என்கிறார், உங்கள் மீட்டர் இல்லை என்கிறது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். யாரைப் பொய்யராக்கலாம் என்று பார்க்காதீர்கள். ‘என்ன கோளாறு’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘நாங்க வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க’ என்று கேளுங்கள். அதையும் போலீஸ் குரலில் கேட்காதீர்கள். பயந்தவர் டிரம் மூடியை இன்னும் இறுக்கித்தான் மூடுவார்.

கால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எரிச்சல் முழுசாகப் போகவில்லை. சர்க்கரை நல்ல கட்டுக்குள் இருந்த வருஷங்களிலும் சில நாள் எரிந்தது, கொஞ்சம் ஏறின நாளில் சும்மாவும் இருந்தது. டாக்டர் ஏன் சத்தியம் பண்ணவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று நான் இன்றைக்கும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் இடது சுண்டுவிரல் பக்கம் எரிச்சல் அடியோடு நின்றது. சரோஜாவுக்கு ஒரே சந்தோஷம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பினாள். நான் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி அந்த விரலைக் குத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கரகரக்கிற லைனில் ஏதோ உயிர் இருக்கிறது, சத்தமே இல்லாத லைன்தான் செத்த லைன். தேங்காயை வைத்துவிட்டு வா, டாக்டரிடம் போகலாம் என்றேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, நான் வேலைக்குக் கொண்டுபோன பழைய டார்ச்சை எடுத்துக்கொண்டு சரோஜா என் காலடியில் உட்காருவாள். எனக்குத் தெரியாத முள்ளையும் கொப்புளத்தையும் அவள் கண்தான் தேட வேண்டும். விரல் இடுக்கெல்லாம் விரித்து விரித்துப் பார்ப்பாள். நேற்றும் பார்த்தாள். “என்ன, டெஸ்டிங் ஓகேயா?” என்றேன்.

“பேசாம இருங்க,” என்றாள். “இன்னொரு கால் இருக்கு.”